பாதரசக் கழிவு: எண்ணுக்கு முன் மாதிரியைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாதரசக் கழிவு பற்றிய செய்தி எதுவானாலும் அதில் ஒரு வரி தவறாமல் வருகிறது: “மாதிரிகள் சேகரிக்கப்பட்டு ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளன.” சில வாரம் கழித்து இன்னொரு வரி: “அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்று ஆய்வறிக்கை கூறுகிறது.” இந்த இரண்டு வரிக்கும் நடுவே என்ன நடந்தது என்று யாரும் எழுதுவதில்லை, கேட்பதும் இல்லை. பாதரசத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். ஆய்வகக் கருவி பொய் சொல்வது அபூர்வம். அந்தக் கருவிக்குள் போன அரை கிராம், சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் நிற்கும் 200 லிட்டர் டிரம்மைப் பற்றி எதையாவது சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்த எண்ணை வைத்து எதைத் தீர்மானிக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அமெரிக்க விதிப்படி, கழிவில் கிலோவுக்கு 260 மில்லிகிராமோ அதற்கு மேலோ பாதரசம் இருந்தால், அதை ரிட்டார்ட் எனப்படும் மூடிய உலையில் சூடாக்கி, ஆவியாகும் பாதரசத்தைக் குளிர்வித்துப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் கந்தகம் போன்றவற்றோடு வினைபுரிய வைத்து நிலைப்படுத்தலாம். கழிவிலிருந்து நீரில் எவ்வளவு கரைகிறது என்று பார்க்கும் கசிவுநீர்ச் சோதனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வந்தாலே அது அபாயக் கழிவு. ரிட்டார்டிலிருந்து வெளிவரும் எச்சம் அதே சோதனையில் 0.20-க்குக் கீழே இருக்க வேண்டும். ரிட்டார்டுக்குப் போகாத குறைந்த அளவுக் கழிவுக்கோ வரம்பு இன்னும் கடுமை, 0.025. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடியபோது, பாதரசத்தால் மாசுபட்ட கழிவு என்று கொள்வதற்கான எல்லையைக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தன. ஆக, ஒரு டிரம் உலைக்குப் போகிறதா, கலவை இயந்திரத்துக்குப் போகிறதா, புதைகுழிக்குப் போகிறதா என்பதை ஒரே ஒரு எண் முடிவு செய்கிறது.

அந்த எண் எவ்வளவு எளிதில் தடம் புரளும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பாதரசத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல் பதின்மூன்றரை மடங்கு. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளி 7 மில்லிகிராம் இருக்கும். ஒரு கிலோ சேற்றில் அந்த ஒரு துளி மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உண்மையான அளவு கிலோவுக்கு 7 மில்லிகிராம். ஆய்வகம் அதிலிருந்து அரை கிராம் எடுக்கிறது. இரண்டாயிரம் தடவை எடுத்தால் 1,999 தடவை “பாதரசம் இல்லை” என்று வரும். ஒரே ஒரு தடவை 14,000 என்று வரும். உண்மையான 7 மட்டும் ஒருபோதும் வராது. இதையே மறுபக்கமிருந்து பார்ப்போம்: அரை கிராம் மாதிரியில் 260 என்ற வரம்பைத் தொட, கால் மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய ஒரே ஒரு துளி போதும். அதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பதே சிரமம்.

ஈயத்திலோ குரோமியத்திலோ இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இல்லை. பாதரசம் உலோகமாகவும் திரவமாகவும் ஆவியாகவும் ஒரே பாத்திரத்துக்குள் இருக்கும். உப்பாகவும், கந்தகத்தோடு சேர்ந்த சல்பைடாகவும் கூட இருக்கும். துளி எதிலும் ஒட்டாமல் உருண்டு அடிக்குப் போய்விடும், ஆவி மேலே வந்து மூடிக்குக் கீழே தேங்கும். நடுவிலிருந்து ஒரு கரண்டி எடுப்பவருக்கு இரண்டுமே அகப்படாது.

டிரம்மைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். கழிவு எந்த ஆலையின் எந்தச் செயல்முறையிலிருந்து வந்தது, அதில் என்னென்ன வேதிப்பொருள் சேர்ந்தது என்று அனுப்பியவர் எழுதிக் கொடுக்கும் விவரத்தாள்தான் முதல் ஆய்வு. உப்புநீரிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் தயாரிக்கும் குளோர்-ஆல்கலி ஆலையின் சேறு, இயற்கை எரிவாயுவைச் சுத்திகரித்த கார்பன், பல் மருத்துவத்தில் மிஞ்சும் அமால்கம் (பாதரசமும் வேறு உலோகமும் சேர்ந்த கலவை), நொறுக்கிய குழல் விளக்கு, உடைந்த வெப்பமானி என்று ஒவ்வொன்றும் வேறு வேறு ஜாதி. அமால்கத்தில் ஏறத்தாழப் பாதி பாதரசம்தான். அங்கே கேள்வி அளவைப் பற்றியது அல்ல, வேறென்ன கலந்திருக்கிறது என்பது பற்றியது. கரிமப் பாதரசம், அதாவது கார்பனோடு பிணைந்த பாதரசம், என்று தாளில் ஒரு சொல் இருந்தாலும் வழக்கமான மாதிரி எடுப்பை அங்கேயே நிறுத்த வேண்டும். அந்த வகையைச் சேர்ந்த டைமெத்தில் மெர்குரி சில துளி கையுறை மேல் பட்டதில்தான், அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் 1997-இல் இறந்தார். அவர் போட்டிருந்தது லேடெக்ஸ் கையுறை. அந்தச் சேர்மம் அதைச் சில விநாடிகளில் ஊடுருவிவிடும் என்பது பின்னர் நடந்த சோதனையில்தான் தெரிய வந்தது.

அடுத்து தராசு. பலர் தாண்டிப் போகும் படி இது. எங்கள் பார்வையில் மிக மலிவான ஆய்வும் இதுதான். ஒரே ஆலையிலிருந்து, ஒரே உயரத்துக்கு நிரம்பி வந்த டிரம்களில் ஒன்று மட்டும் பத்துப் பதினைந்து கிலோ கூடுதலாக இருந்தால் அடியில் தனிப் பாதரசம் தேங்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒரு லிட்டர் பாதரசம் பதின்மூன்றரை கிலோ. 57 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம்மின் அடியில் அது முழுக்கப் பரவினாலும் 4 மில்லிமீட்டர் உயரம்கூட வராது. 250 கிலோ கழிவில் அது கிலோவுக்கு 54,000 மில்லிகிராம்! திரவக் கழிவுக்கு வழக்கமாகப் பயன்படும் நீள்குழாய், அடியில் மூடும் அடைப்பான் இருப்பதால், கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டரை எடுக்காமல் விட்டுவிடும். மொத்தப் பாதரசமும் அந்த இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் டிரம்மைச் சில டிகிரி சாய்த்து வைத்து, ஓரத்தில் ஒதுங்கும் பாதரசத்தைத் தடித்த கண்ணாடிக் குடுவைக்குள் உறிஞ்சி எடுத்து, தனியாக நிறுத்து எழுத வேண்டும். மிச்சமிருக்கும் சேற்றுக்குத் தனி மாதிரி. இரண்டையும் கலக்கிச் “சராசரி மாதிரி” தயாரிக்கிறேன் என்று இறங்குவது வீண் வேலை. எவ்வளவு கலக்கினாலும் நிறுத்திய மறுகணம் அது பிரிந்துவிடும்.

மூடியைத் திறக்குமுன், காற்றிலுள்ள பாதரச ஆவியை அளக்கும் ஆவி அளவி தயாராக இருக்க வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் பாதரச ஆவி நிறைந்த காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம் இருக்கும். 30 டிகிரியில் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் நலவியல் அமைப்பு பரிந்துரைப்பது கன மீட்டருக்கு 0.025 மில்லிகிராம். மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் காற்று அதைப் போல் ஐந்நூறு மடங்கு. அதில் வாசனையே கிடையாது, அதனால் முகக்கவசத்தின் வடிகட்டி தீர்ந்துபோனதும் மூக்குக்குத் தெரியாது. நிறம் மாறிக் காட்டும் பாதரச வடிகட்டிதான் வேண்டும். வெயில் ஏறுமுன், குளிர்ந்திருக்கும் டிரம்மை, காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் கூண்டுக்குள் வைத்துத் திறப்பது நல்லது. தங்கத் தகடு வகை அளவி, கந்தக வாயு இருந்தால் கூடுதலாகக் காட்டும். புறஊதா வகை சில கரைப்பான் ஆவிகளுக்கும் மயங்கும். அளவி காட்டியதைப் பார்த்து அப்படியே கழிவின் அளவு இவ்வளவு என்று எழுதுவது தவறு, திறக்கலாமா வேண்டாமா என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

கருவிகள் துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடி, டெஃப்ளான். அலுமினியக் கரண்டி கூடாது, பித்தளையும் செம்பும் கூடாது: பாதரசம் அவற்றோடு சேர்ந்து அமால்கமாகி, மாதிரியில் இருக்க வேண்டியது கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். மோதிரத்தைக் கழற்றி வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

எங்கே எடுப்பது என்பதில்தான் நிஜமான திறமை. நொறுக்கிய குழல் விளக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் துண்டு, குழலின் உட்புறம் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் தூள், உலோக முனைகள் என்று மூன்றும் வெவ்வேறு பொருள்கள். வண்டியின் குலுக்கலில் தூள் முழுக்க அடிக்கு இறங்கிவிடும். கற்பனையாக ஒரு 200 கிலோ: கண்ணாடி 180 கிலோ, கிலோவுக்கு 5 மில்லிகிராம், தூள் 6 கிலோ, கிலோவுக்கு 3,000, முனைகள் 14 கிலோ, கிலோவுக்கு 40. பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 19,460 மில்லிகிராம், சராசரி கிலோவுக்கு 97. மேலிருந்து அள்ளினால் 5 என்று வரும், அடியிலிருந்து அள்ளினால் ஆயிரங்களில் வரும். 97 கிடைக்க ஒரே வழி, பாத்திரத்தை மூடிய கூண்டுக்குள் தட்டில் கொட்டி, சல்லடையால் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் நிறுத்து, தனித்தனியே ஆய்வு செய்து, எடை விகிதத்தில் சேர்ப்பது. நேரம் எடுக்கும், செலவும் கூடும். ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஓரளவு ஒரே சீரான தூளும் மண்ணும் வரும்போது, தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, கட்டம் போட்டு, குறைந்தது முப்பது இடங்களிலிருந்து மேல் முதல் அடி வரை வெட்டி எடுத்து ஒரு கிலோ அளவுக்குச் சேர்க்க வேண்டும். கரண்டியின் வாய் மிகப் பெரிய துகளைப் போல் மூன்று மடங்காவது அகலமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பெரிய துகள்கள் விளிம்பில் தட்டி வெளியே போய்விடும். குவித்து நான்காகப் பிரிக்கும் பழைய முறையைப் பாதரசத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. குவிக்கும்போதே துளிகள் சரிவில் உருண்டு அடிவட்டத்தில் சேர்கின்றன. அப்புறம் எந்தக் காற்பங்கை எடுக்கிறீர்கள் என்பது சீட்டுக் குலுக்கல்தான். அதே போல், நூறு டிரம் வந்தால் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டிப் பதினொன்றைத் திறந்தால் போதும் என்ற கணக்கும், நூறும் ஒரே மாதிரி என்று தெரிந்தால்தான் செல்லும். எடையும் விவரத்தாளும் ஒத்துப்போகாத டிரம் எதுவாக இருந்தாலும் அதைத் திறந்தே ஆக வேண்டும்.

எடுத்த மாதிரி டெஃப்ளான் பூச்சு மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குள், மேலே காற்று இடைவெளி அதிகம் இல்லாமல் நிரம்பி, 4 டிகிரி குளிரில் போக வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் பை வழியாகப் பாதரச ஆவி ஊடுருவும். ஒரே பெட்டியில் அதிக அளவு மாதிரியும் குறைந்த அளவு மாதிரியும் பிளாஸ்டிக்கில் சேர்ந்து பயணம் செய்தால், இறங்கும்போது இரண்டும் மாறியிருக்கும். எடுத்த நாளிலிருந்து 28 நாளுக்குள் ஆய்வு முடிய வேண்டும்.

ஆய்வகத்தில் முதல் பொறி உலர்த்தும் அடுப்பு. வேறு உலோகங்களுக்கு மாதிரியை 105 டிகிரியில் காயவைத்து அரைப்பது பழக்கம். அந்தப் பழக்கத்திலேயே பாதரச மாதிரியையும் உள்ளே வைத்துவிடுவார்கள். உலோகப் பாதரசம் அடுப்பின் புகைபோக்கி வழியே போய்விடும், அறிக்கையில் அழகான குறைந்த எண் வரும். ஈரப்பதத்தைத் தனிப் பங்கில் பார்த்து, பாதரசத்தை ஈரமான பங்கில் அளந்து, கணக்கில் திருத்திக்கொள்ள வேண்டும். அரைப்பதும் ஆபத்து: அரைக்கும் இயந்திரத்தின் சூட்டில் ஆவியாகும், சுவரில் பூசிக்கொள்ளும், அடுத்த மாதிரியைக் கெடுக்கும். திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைக்கலாம். பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழே 39 டிகிரியில் திடமாகிவிடும், அதன் பிறகு அதுவும் ஒரு துகள்தான். துளி தெரிகிற மாதிரிக்கு இன்னும் எளிய வழி உண்டு. அரை கிராமை மறந்துவிட்டு, நூறு கிராமை அப்படியே அடர் நைட்ரிக் அமிலத்தில் புகைபோக்கிக் கூண்டுக்குள் கரைத்து, ஜாடியின் உள்சுவரையும் அதே அமிலத்தால் கழுவிச் சேர்த்து, வடித்து, நீர்க்கச் செய்து அளந்தால் துளிப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும். சல்பைடாக இருக்கும் பாதரசம் மட்டும் வெறும் நைட்ரிக் அமிலத்துக்கு மசியாது, அதற்கு ராஜதிராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) வேண்டும்.

வழக்கமான முறையில், பாதரசத்தை முழுக்கக் கரைசலுக்குக் கொண்டுவர, ஊதா நிறப் பெர்மாங்கனேட் சேர்த்து 95 டிகிரியில் சூடாக்குகிறார்கள். கரிமப் பொருளோ சல்பைடோ அதிகமான கழிவு அதைத் தின்றுவிடும். ஊதா நிறம் மறைந்தால் இன்னும் சேர்க்க வேண்டும், குறைந்தது கால்மணி நேரம் நிறம் நிற்க வேண்டும். மறைந்த நிறத்தோடு அப்படியே பாதரசத்தை அளக்கும் கருவியின் 253.7 நானோமீட்டர் ஒளிக்கு முன்னால் கொண்டுபோனால் வரும் எண்ணை நம்ப முடியாது. மிக அதிக மாதிரிக்குப் பிறகு கருவியின் குழாய்களில் பாதரசம் மிஞ்சும் என்பதால், பாதரசமே இல்லாத வெற்று மாதிரி சுத்தமாக வரும் வரை அடுத்ததைத் தொடக் கூடாது.

இனி, செய்திகளில் அதிகம் அடிபடும் கசிவுநீர்ச் சோதனை. டிசிஎல்பி என்ற பெயரில் வரும் இதில், 9.5 மில்லிமீட்டருக்குள் நொறுக்கிய 100 கிராம் கழிவை இருபது மடங்கு அசெட்டிக் அமிலக் கரைசலில் போட்டு, நிமிடத்துக்கு 30 சுற்று வேகத்தில் 18 மணி நேரம் புரட்டி, வடித்து, வடிநீரை அளக்கிறார்கள். குப்பைக் கிடங்கில் அமிலநீர் பட்டால் என்ன கரையும் என்பதன் பாவனை இது. உலோகப் பாதரசம் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 0.06 மில்லிகிராம்தான் கரையும். வரம்போ 0.2. ஆக, கண்ணுக்குத் தெரியும் பாதரசத் துளிகளோடு இருக்கும் கழிவு, ஆக்சிஜனேற்றம் அதிகம் நடக்காத வரை, இந்தச் சோதனையில் “தேறிவிட” வாய்ப்பு இருக்கிறது. துளிகள் வடிதாளின் மேலேயே நின்றுவிடும். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு “அபாயமில்லை” என்று சொல்பவர் சட்டத்தின் ஒரு வரியை மட்டும் படித்திருக்கிறார். மொத்த அளவையும் கேளுங்கள். ஒரு வசதியும் உண்டு: சோதனையே இருபது மடங்கு நீர்ப்பு என்பதால், மொத்த அளவு கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே என்று உறுதியானால் வடிநீர் 0.2-ஐத் தொட வழியே இல்லை, சோதனையே தேவையில்லை.

நிலைப்படுத்திய கழிவில் இன்னொரு மயக்கம். பாதரசத்தைச் சல்பைடாக்கினால் மிக மிகக் குறைவாகவே கரையும் என்பது உண்மை. பயத்தில் சல்பைடைக் கூடுதலாகக் கொட்டி, சிமென்டும் சேர்த்துக் காரத்தன்மையை ஏற்றிவிட்டால், அதிகப்படிச் சல்பைடோடு சேர்ந்து பாதரசம் மறுபடி கரையத் தொடங்கும். அமிலச் சோதனை இதைக் காட்டாது. அமிலத்திலிருந்து கடும் காரம் வரை பல நிலைகளில் கரைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உலைக்குப் போகும் கழிவில் எவ்வளவு என்பதோடு எந்த வடிவில் என்பதும் தெரிந்தாக வேண்டும். மெர்குரிக் குளோரைடு சிதையாமலே 304 டிகிரியில் கொதித்து ஆவியாகும். குளோரைடை அளக்காமல் உள்ளே தள்ளினால், குளிர்விப்பானில் பளபளக்கும் பாதரசத்துக்குப் பதில் சாம்பல் நிற உப்புச் சேறு வந்து அடைக்கும். முன்கூட்டியே தெரிந்தால் சுண்ணாம்போ காரமோ தேவையான அளவு சேர்த்து ஆக்சைடாக்கிவிடலாம். சல்பைடுக்கும் சுண்ணாம்போ இரும்புத் துருவலோ வேண்டும். தண்ணீர், எண்ணெய், அமோனியா எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். பாதரசமும் அமோனியாவும் சேர்ந்தால் வெடிக்கும் சேர்மங்கள் உருவாகலாம்.

கடைசியாக, ஒரே டிரம்மின் மூன்று மாதிரிகளில் 40, 55, 900 என்று வந்தால் என்ன செய்வது? 900-ஐ “விலகல்” என்று அடித்துவிட்டு 47.5 என்று சராசரி போடுவதைப் பார்க்கிறோம். பாதரசத்தில் அந்த 900-தான் துளி இருக்கிறது என்று சொல்லும் ஒரே சாட்சி. அதை நீக்க வேண்டுமென்றால் ஜாடி உடைந்தது, கருவி கெட்டது என்று எழுத்தில் காரணம் வேண்டும். காரணம் இல்லையென்றால் திரும்பப் போய், பெரிய மாதிரியாக எடுக்க வேண்டும்.

எனவே தங்கள் செய்தியாளர்களுக்கும், ஆய்வறிக்கையைக் கையில் வாங்கும் பொதுமக்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இது. எண்ணோடு சேர்த்து இவற்றையும் கேட்டு வெளியிடுங்கள்: எத்தனை பாத்திரங்களில் எத்தனை திறக்கப்பட்டன, ஒவ்வொன்றிலும் எத்தனை இடங்களில் அடிவரை எடுக்கப்பட்டது, தனிப் பாதரசம் பிரித்து நிறுக்கப்பட்டதா, ஆய்வகம் எத்தனை கிராமை எடுத்தது, உலர்த்தியதா, ஒரே இடத்தில் இரண்டாக எடுத்த இரட்டை மாதிரிகளுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம். “கண்டறியப்படவில்லை” என்று இருந்தால் எந்த அளவு வரை கண்டறிய முடியும் என்ற எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும். கழிவு பதப்படுத்தி முடியும் வரை மீதி மாதிரி மூடி முத்திரையிட்டு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கேட்கலாம். இவற்றுக்கு விடை சொல்ல முடியாத நிலையம், அந்த டிரம்மை இன்னும் பரிசோதிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அபாயக் கழிவு மாதிரி எடுப்பிலும் ஆய்விலும் பணிபுரியும் வாசகர்கள் சிலர்